இந்தியாவில் தொலைபேசியும் இணையமும் ஒன்றிணைந்த வரலாறு

தொலைபேசி, இணையம், ஒளிபரப்பு ஆகியவை தனித்தனிக் கம்பிகளிலும் தனித்தனி உரிமங்களிலும் இயங்கிவந்த நிலை மாறி, ஒரே வலையமைப்பில் ஒரே கட்டணத்துக்குள் வந்து சேர்ந்ததைத் தொலைத்தொடர்பு ஒருங்கிணைவு என்பர். இந்தியாவில் இந்த மாற்றம் 1995-இல் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டில் நடந்து முடிந்தது. தொழில்நுட்ப அளவில் இது குரல் என்பது தரவுப் பொதிகளாக மாறிய கதை. வணிக அளவில், நிமிடக் கணக்கில் விற்கப்பட்ட பேச்சு விலையற்றுப்போன கதை. சட்ட அளவிலோ, 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தன்னைவிட நூறாண்டு இளைய ஒரு பொருளை ஆள முயன்ற கதை. மூன்றும் ஒரே வேகத்தில் நகரவில்லை என்பதால்தான் இடையில் இத்தனை வழக்குகளும் பூசல்களும் எழுந்தன.

இரண்டு வாரங்களில் இரண்டு தொடக்கங்கள்

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் செல்பேசியில் பேசினார். இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பாக அது குறிக்கப்படுகிறது. அதற்குச் சரியாகப் பதினைந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய பெருநகரங்களே முதலில் அதைப் பெற்றன. அதற்கு முன்பு இணையம் இல்லாமல் இல்லை. 1986-இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பில் ஐஐடி மெட்ராஸ் உட்பட எட்டு நிறுவனங்கள் இணைந்திருந்தன. ஆனால் அது ஆய்வாளர்களின் உலகம்.

இவ்விரு தொடக்கங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகவே அன்று பார்க்கப்பட்டன. செல்பேசி, வசதி படைத்தவர்களின் பேச்சுக் கருவி. வெளியே பேசினால் மட்டுமல்ல, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. இணையமோ தொலைபேசிக் கம்பியில் மோடம் பொருத்தி, அந்த மோடம் கீச்சிட்டு முடிக்கும்வரை காத்திருந்து நுழைய வேண்டிய இடம். படங்களையும் காணவல்ல முழு இணைப்புக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய், மாணவர்களுக்கு வெறும் எழுத்து மட்டும் தெரியும் கணக்கு 500 ரூபாய் என்பது போன்ற கட்டணங்கள் இருந்தன. இதற்கு மேல், இணைந்திருக்கும் நேரம் முழுதும் உள்ளூர் அழைப்புக்கான மீட்டரும் ஓடியது. வாடிக்கையாளர் இணையத்துக்கு ஒரு முறையும் அதை எட்டுவதற்கு இன்னொரு முறையும் பணம் கட்டினார்.

இந்த இரட்டைக் கட்டணத்துக்குக் காரணம் தொலைபேசி வலையமைப்பின் அடிப்படை அமைப்பு. பழைய தொலைபேசியில் இருவர் பேசத் தொடங்கியதும் அவர்களுக்கிடையே ஒரு தனிப்பாதை ஒதுக்கப்படும். பேசினாலும் மௌனமாக இருந்தாலும் வைக்கும்வரை அது அவர்களுக்கே உரியது. எனவே நேரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குவது இயல்பாகப் பொருந்தியது. இணையத்தில் தனிப்பாதை கிடையாது. செய்தி சிறு சிறு பொதிகளாக உடைக்கப்பட்டு, மற்றவர்களின் பொதிகளோடு கலந்து பொதுவழியில் சென்று, மறுமுனையில் மீண்டும் கோக்கப்படுகிறது. அங்கே நிமிடத்துக்கோ தூரத்துக்கோ பெரிய பொருளில்லை. அடுத்த தெருவுக்கும் அமெரிக்காவுக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். தொலைதூர அழைப்பிலும் வெளிநாட்டு அழைப்பிலும் பெரும் வருவாய் ஈட்டிய துறைக்கு இதைவிடச் சங்கடமான கண்டுபிடிப்பு இருக்க முடியாது.

தடை செய்யப்பட்ட குரல்

சங்கடத்தை அரசு எதிர்கொண்ட முதல் வழி தடை. 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, இணையம் வழித் தொலைபேசி இப்போதைக்கு அனுமதிக்கப்படாது என்று வெளிப்படையாகவே கூறியது. விதேஷ் சஞ்சார் நிகாம் இணையத் தொலைபேசிச் சேவை தரும் தளங்களை முடக்க, அது டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. மின்னஞ்சல் அனுப்பலாம், படம் அனுப்பலாம், ஆனால் அதே கம்பியில் குரலை அனுப்பினால் குற்றம் என்ற விசித்திரமான நிலை. பொதிகளுக்குள் இருப்பது எழுத்தா குரலா என்று வலையமைப்புக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயத்தைச் சட்டம் உருவாக்கியது.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணையச் சேவை வழங்கலாம் என்ற கொள்கை வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்போவே, பின்னாளைய சிஃபி, முதல் தனியார் இணையச் சேவை நிறுவனமாகக் களமிறங்கியது. அடுத்த ஆண்டே அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. அதன் ஐவே உலாவி மையங்கள் நகரங்களின் கடைத்தெருக்களில் பெருகின. வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு அந்த மையங்கள் எஸ்டிடி, ஐஎஸ்டி பூத்களுக்குப் போட்டியாக இருந்தன. தலையில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு, சொன்னது போய்ச் சேர ஒரு கணம் காத்திருந்து பேசும் பேச்சு. தரம் குறைவுதான். ஆனால் பூத்தில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசும் பதற்றம் இல்லை.

2002-இல் வெளிநாட்டு அழைப்பில் விதேஷ் சஞ்சார் நிகாமின் தனியுரிமை முடிவுக்கு வந்தது. அந்நிறுவனத்தின் நிர்வாகம் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசி சட்டபூர்வமானது, ஆனால் ஒரு கோடு போடப்பட்டது. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம். கணினியிலிருந்து இந்தியாவுக்குள் இருக்கும் ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் அழைக்கக்கூடாது. தொழில்நுட்பக் காரணம் எதுவுமற்ற இந்தக் கோடு உள்நாட்டு நிறுவனங்களின் உரிமக் கட்டணத்தையும் வருவாயையும் காக்கப் போடப்பட்டது.

தடையும் கட்டணமும் இருக்கும் இடத்தில் கள்ளவழியும் பிறக்கும். கிராமப்புறத் தொலைபேசிகளின் இழப்பை ஈடுகட்ட 2003-இல் அணுகல் பற்றாக்குறைக் கட்டணம் என்ற ஒன்று விதிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பின் மீது அது கனமாக விழுந்தது. அதைத் தவிர்க்க, வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியே கொண்டுவந்து, உள்ளூர் எண் ஒன்றிலிருந்து வருவதுபோல் மாற்றிவிடும் சட்டவிரோத இணைப்பகங்கள் நகரங்களில் முளைத்தன. துபாயிலிருந்து மகன் பேசும்போது திரையில் முன்பின் தெரியாத ஓர் உள்ளூர் எண் தோன்றும் அனுபவம் பல வீடுகளில் இருந்தது. 2008-இல் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது.

சென்னையில் ஒரு மாற்று முயற்சி

பேச்சையும் தரவையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வெளிநாட்டிலிருந்து மட்டும் வரவில்லை. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெனெட் குழுவினரும், மிடாஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1990-களில் கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பை உருவாக்கினர். வீட்டுச் சுவரில் பொருத்திய சிறு கருவியில் தொலைபேசியும் கணினியும் ஒரே சமயத்தில் இணையும். தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே விநாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையம் கிடைக்கும். பேச்சு இல்லாவிட்டால் வேகம் 70 கிலோபிட் ஆகும். கோபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்கு எட்டும்.

இதில் முக்கியமானது வேகமல்ல, பாதைப் பிரிப்பு. மோடம் வழி இணையம் தொலைபேசி இணைப்பகத்தின் தனிப்பாதைகளை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. மூன்று நிமிடப் பேச்சுக்காகக் கட்டப்பட்ட இணைப்பகங்கள் இதில் திணறின. கார்டெக்ட், இணையப் பொதிகளை இணைப்பகத்துக்கு முன்பே பிரித்து நேராக இணையத்துக்கு அனுப்பிவிட்டது. வீட்டு முனையில் ஒன்றாக வருவது உள்ளே இரண்டாகப் பிரியும். பின்னாளில் செப்புக் கம்பியில் அகலப்பட்டை வந்தபோது, வேறு வழியில் அதுவும் இதையேதான் செய்தது.

என்லாக் என்ற நிறுவனத்தின் வழியாக இத்தொழில்நுட்பம் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்குச் சென்றது. 2001-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஹார்வர்டு, எம்ஐடி பல்கலைக்கழகங்களும் பங்கேற்றன. கிராம இணைய மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறலாம். மையத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களும் பெண்களும். வருமானம் போதாமல் சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. அரசு அலுவலக ஊழியர்களின் ஒத்துழைப்பு ஓர் அதிகாரியின் காலத்தில் இருந்து அடுத்தவர் காலத்தில் மங்கியது ஒரு காரணம். ஊருக்கு ஒரு கணினி என்ற கணக்கை, ஆளுக்கு ஒரு செல்பேசி என்ற கணக்கு முந்திவிட்டது இன்னொரு காரணம்.

நிறைவேறாத மசோதா

சட்டமும் ஒரு முறை முன்கூட்டியே யோசித்தது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. 2001 ஆகஸ்டில் மக்களவையில் தகவல்தொடர்பு ஒருங்கிணைவு மசோதா கொண்டுவரப்பட்டது. 1885-இன் தந்திச் சட்டம், 1933-இன் கம்பியில்லாத் தந்திச் சட்டம், 1995-இன் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம், 1997-இன் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் ஆகியவற்றை நீக்கிவிட்டு, தொலைபேசி, இணையம், ஒளிபரப்பு மூன்றையும் ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். மலேசியா 1998-இலேயே இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது. இந்தியாவில் மசோதா நிலைக்குழு, விவாதம் என்று அலைந்து, 2004-இல் மக்களவை கலைக்கப்பட்டதும் காலாவதியானது. உரிமம் தரும் துறைகள் தங்கள் அதிகாரத்தை ஓர் ஆணையத்திடம் ஒப்படைக்க விரும்பாததையும் இதற்குக் காரணமாகச் சொல்ல வேண்டும். விளைவு, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஒவ்வொரு புதுச் சேவையும் பழைய பெட்டி ஒன்றில் திணிக்கப்பட்டது.

அதே பாணியில் கைவிடப்பட்ட இன்னொன்று, செப்புக் கம்பியைப் பகிர்வது. பிஎஸ்என்எல்லின் கம்பிகளைப் பிற நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்து அகலப்பட்டை தரலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2004-இல் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. அந்த ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை விநாடிக்கு 256 கிலோபிட்டை அகலப்பட்டை என வரையறுத்ததோடு நின்றது. கம்பிவழி இணையம் வீடுகளில் பரவாமல் போனதால், பெரும்பாலான இந்தியர்கள் இணையத்தை முதன்முதலில் கண்டது செல்பேசித் திரையில்தான்.

நிறுவனங்களின் தோட்டம்

அந்தத் திரையை முதலில் ஆண்டவை செல்பேசி நிறுவனங்களே. 2003-இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. ரிலையன்ஸ் இன்போகாம் 501 ரூபாய்க்குக் கைபேசி தந்து சந்தையைக் கலக்கியது. பேச்சின் விலை சரியச் சரிய, மற்றவற்றில் காசு பார்க்கத் தொடங்கினார்கள். அழைப்பவருக்குக் கேட்கும் பாட்டு, கிரிக்கெட் ஸ்கோர், ராசிபலன், நகைச்சுவைத் துணுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் மாதச் சந்தா. இவற்றைத் தயாரித்தவர்களுக்குச் சிறு பங்கும் நிறுவனத்துக்குப் பெரும் பங்கும் சென்றது. வாடிக்கையாளரைக் கேட்காமலே சந்தா தொடங்கப்படுகிறது என்ற புகார்கள் குவிந்து, இருமுறை ஒப்புதல் பெற்றே தொடங்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட நேர்ந்தது. பண்டிகை நாள்களில் குறுஞ்செய்திக்குச் சலுகை கிடையாது என்ற வழக்கத்தையும் அக்காலத்துப் பயனர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மக்களும் தங்கள் பங்குக்கு ஓர் இலவசச் சேவையைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் மிஸ்டு கால். ஒரு மணி என்றால் வந்துவிட்டேன், இரண்டு மணி என்றால் கூப்பிடு. வலையமைப்பு உழைத்தது, யாரும் காசு கொடுக்கவில்லை.

2010-இல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தில் அரசுக்கு ஏறத்தாழ 67,719 கோடி ரூபாய் கிடைத்தது. தொடர்ந்து நடந்த அகலப்பட்டை அலைக்கற்றை ஏலத்தில் இன்போடெல் என்ற அறிமுகமற்ற நிறுவனம் நாட்டின் 22 வட்டங்களையும் 12,848 கோடி ரூபாய்க்கு வென்றது. ஏலம் முடிந்த அன்றே ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் அதன் 95 விழுக்காட்டுப் பங்குகளை வாங்குவதாக அறிவித்தது. பின்னாளைய ஜியோ அதுதான். அந்த அலைக்கற்றை தரவுக்காக விற்கப்பட்டது. 2013-இல் கூடுதல் கட்டணம் செலுத்தி அதில் பேச்சும் தரலாம் என்ற அனுமதி பெறப்பட்டபோது, தரவு வழியே குரலுக்குள் நுழையும் முதல் பெரிய கதவு திறந்தது.

வாட்ஸ்அப்பும் நடுநிலைப் போராட்டமும்

அதற்குள் வேறொரு கதவு தானே திறந்துகொண்டது. வாட்ஸ்அப் வந்தபின் குறுஞ்செய்தி வருவாய் கரைந்தது. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழி பேசுவதற்கான தரவுக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் நிறுத்திவைத்தது. நிறுவனங்களின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அலைக்கற்றைக்கும் உரிமத்துக்கும் கோடிக்கணக்கில் பணம் கட்டுபவர்கள் அவர்கள். அதே பேச்சைத் தரும் செயலிக்கு உரிமமும் இல்லை, ஒட்டுக்கேட்பு விதியும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் ஏற்கெனவே தரவுக்குப் பணம் கட்டிவிட்டார் என்பதும், அந்தச் செயலிகளுக்காகவே தரவு வாங்கப்பட்டது என்பதும் அவர்களின் வாதத்தில் இடம்பெறவில்லை.

2015 மார்ச் இறுதியில் ஆணையம் இது குறித்துக் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. இணைய நடுநிலை என்ற, அதுவரை வல்லுநர் வட்டத்தில் மட்டும் புழங்கிய சொல் திடீரென்று தெருவுக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்துக்குப் பறந்தன. செயலி நிறுவனங்களே பணம் கட்டி வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தரும் ஏர்டெல் ஸீரோ திட்டத்திலிருந்து ஃபிளிப்கார்ட் விலகியது.

இதில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஃபேஸ்புக் நிறுவனம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து 2015 பிப்ரவரியில் தொடங்கிய இன்டர்நெட்.ஆர்க் என்னும் இலவசச் சேவை முதலில் வந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தமிழிலும் அது கிடைத்தது. தேர்ந்தெடுத்த சில தளங்கள் மட்டும் இலவசம், மற்ற இணையம் கிடையாது. இணையமே இல்லாதவருக்கு ஏதோ ஒரு பகுதியாவது கிடைக்கட்டுமே என்றது ஃபேஸ்புக். ஏழைக்கு எந்தத் தளம் போதும் என்று யார் முடிவு செய்வது என்று கேட்டனர் எதிர்ப்பாளர்கள். பின்னர் ஃப்ரீ பேசிக்ஸ் எனப் பெயர் மாற்றி, முழுப்பக்க விளம்பரங்களோடு நிறுவனம் போராடியது. 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம், உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக்கு வேறுபட்ட கட்டணம் வைப்பதைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம். 1999-இல் குரலையும் எழுத்தையும் பிரித்துப் பார்க்கச் சொன்ன அதே நாட்டில், பொதிக்குள் இருப்பதைப் பார்த்து விலை வைக்காதே என்ற விதி வந்தது.

குரலின் விலை

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வணிகச் சேவையைத் தொடங்கியது. அதற்கு இரண்டாம், மூன்றாம் தலைமுறை வலையமைப்பு எதுவும் இல்லை. மற்ற நிறுவனங்களின் நான்காம் தலைமுறைச் செல்பேசிகள் அழைப்பு வந்ததும் பழைய வலையமைப்புக்கு இறங்கிவந்து பேசின. ஜியோவில் பேச்சும் பொதிகளாகவே சென்றது. எனவே பேச்சு என்றும் இலவசம் என்று அறிவிக்க அதனால் முடிந்தது. விற்பது தரவு ஒன்றே. அதுவும் முதல் சில மாதங்கள் இலவசம். அதுவரை ஒரு ஜிபி தரவு ஏறத்தாழ 250 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. 170 நாள்களில் பத்துக் கோடி வாடிக்கையாளர்கள் சேர்ந்தனர்.

ஆனால் பழைய உலகம் ஒரு மூலையில் உயிரோடிருந்தது. ஜியோவிலிருந்து ஏர்டெல்லுக்குப் போகும் அழைப்பு இரு நிறுவனங்களின் இணைப்பு முனைகளைக் கடக்க வேண்டும். போதிய முனைகள் தரப்படாததால் கோடிக்கணக்கான அழைப்புகள் தோற்றன. ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க ஆணையம் பரிந்துரைத்தது. அழைப்பை ஏற்கும் நிறுவனத்துக்கு அனுப்பும் நிறுவனம் நிமிடத்துக்கு 14 பைசா தரவேண்டும் என்ற விதியும் இருந்தது. 2017 அக்டோபரில் அது 6 பைசாவாகக் குறைந்தது. 2019-இல் ஜியோ அந்த 6 பைசாவை வாடிக்கையாளரிடமே வாங்கத் தொடங்கியபோது, இலவசப் பேச்சு என்ற உறுதிமொழி சிறிது காலம் தடுமாறியது.

அப்போது எழுந்த பூசல் வேடிக்கையானது. மணி ஒலிக்கும் நேரத்தை ஜியோ குறைத்துவிட்டதாகப் போட்டியாளர்கள் குற்றஞ்சாட்டினர். மணி சீக்கிரம் நின்றால் அழைப்பு மிஸ்டு காலாகும், மறுமுனையில் இருப்பவர் திரும்ப அழைப்பார், அப்போது 6 பைசா வரும் திசை மாறிவிடும். போட்டியாளர்களும் நேரத்தைக் குறைத்தனர். செல்பேசியில் மணி 30 விநாடி ஒலிக்க வேண்டும் என்று ஆணையமே விதி செய்தது. ஏழைகள் கண்டுபிடித்த உத்தியைக் கோடீசுவர நிறுவனங்கள் கடன் வாங்கிய சந்தர்ப்பம் இது. 2021 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டணம் முற்றாக நீங்கியது.

இடையில் பலர் வீழ்ந்தனர். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 இறுதியில் பேச்சுச் சேவையை நிறுத்தியது. தமிழ்நாட்டில் தொடங்கி இங்கேயே வேர்விட்ட ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. கோபுரங்கள் அணைந்து, வாடிக்கையாளர்கள் எண்ணைக் காப்பாற்ற மாற்றுக் குறியீடு கேட்டுக் கடைகளில் வரிசையில் நின்றனர். வங்கிக் கணக்கும் எரிவாயு இணைப்பும் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்ததால் அது வெறும் தொலைபேசிப் பிரச்சினையாக இருக்கவில்லை. அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் இணைந்தன. எஞ்சியவர்களை 2019 அக்டோபர் 24-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தாக்கியது. வட்டி, சொத்து விற்பனை போன்ற தொலைத்தொடர்பல்லாத வருவாய்க்கும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

2020-இல் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோ பிளாட்பார்ம்ஸில் 9.99 விழுக்காட்டுப் பங்கு வாங்கியது. கூகுள் 33,737 கோடி ரூபாய்க்கு 7.7 விழுக்காடு வாங்கியது. ஐந்தாண்டு முன்பு செல்பேசி நிறுவனங்களின் எதிரிகளாகப் பேசப்பட்டவர்கள் இப்போது ஒரு செல்பேசி நிறுவனத்தின் பங்குதாரர்கள்.

புதிய சட்டம்

2022-இல் வெளியான வரைவு மசோதா, இணையம் வழி அழைப்பு, செய்திச் செயலிகளையும் தொலைத்தொடர்புச் சேவை என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. எதிர்ப்புக்குப் பின், 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் அந்தச் சொற்கள் இல்லை. ஆனால் செய்தி, தொலைத்தொடர்பு ஆகியவற்றின் வரையறைகள் அகலமாகவே விடப்பட்டன. செயலிகள் உள்ளே வருமா வெளியே நிற்குமா என்பது குறித்து வழக்கறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. 1885-இன் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது இச்சட்டம். தந்தி என்ற சேவையே 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது.

குறுஞ்செய்தியோ நிறுத்தப்படவில்லை. நண்பர்கள் அதில் பேசிக்கொள்வது அரிதாகிவிட்டாலும், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அதில்தான் வருகிறது. வாட்ஸ்அப் கணக்கு தொடங்கவும் செல்பேசி நிறுவனம் கொடுத்த எண்ணும், அந்த எண்ணுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீடும் தேவை. 2002-இல் போடப்பட்ட கோடும் ஓரளவு அப்படியே இருக்கிறது. ஸ்கைப் 2014 நவம்பரில் இந்தியாவுக்குள் செல்பேசி, தரைவழி எண்களை அழைக்கும் வசதியை நிறுத்தியது. 2018-இல் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் செயலி வழியே எந்த எண்ணையும் அழைக்க அனுமதி கிடைத்தது. உரிமம் இல்லாத செயலியிலிருந்து திருநெல்வேலியில் இருக்கும் ஒரு தரைவழித் தொலைபேசியை, சென்னையில் இருப்பவர் அழைக்க வழியில்லை.